ஊர்ச் சுவர்களில் உன் அம்மாவின் தோள்

அம்மாடி,

உன் கல்யாண பேனர் இன்னும் ஆகவில்லை. இதைப் போனில் சொன்னால் நீ கத்துவாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவேன். நீ மறுபடி கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து கத்துவாய். எழுத்தில் என்றால் குறுக்கே பேச முடியாது, பார். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் காதுகுத்து, யார் வீட்டுச் சாவு என்றாலும் மறுநாள் காலையில் கம்பத்தில் ஏறும்படி பேனர் போட்டுக் கொடுக்கிறவன், சொந்த மகள் கல்யாணத்துக்கு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேருந்து நிலையத்து டீக்கடையில் இப்போது இதுதான் பேச்சு. "ஊருக்கெல்லாம் அடிச்சிக் குடுத்துட்டு, பொண்ணு கல்யாணத்துக்கு சாக்பீஸ்ல எழுதப் போறியா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டு வருகிறேன். என்ன நடந்தது என்று சொன்னால் டீ உள்ளே இறங்காது, அவர்களுக்கும்.

நீ வைத்த நிபந்தனை இரண்டு. பேனரின் மேல் ஓரத்தில், மறைந்தவர்களுக்குப் போடுகிற விளக்குக்குப் பக்கத்தில், அம்மா படம் இருக்க வேண்டும்; ஆனால் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கிற அந்தப் படம் கூடாது. அது இல்லாமல் வேறு படம் கிடைக்காவிட்டால் அம்மாவே பேனரில் வேண்டாம் என்றாய். இன்னொன்று, அதைத் திருட்டுப் போட்டோஷாப்பில் செய்யக் கூடாது. "அம்மாவ திருட்டுச் சாமான்ல செய்யாத நைனா. நான் ஏத்திக் குடுத்துகீறேன் இல்ல, அதுல செய்" என்றாய். முதலாவது நடக்காத காரியம், இரண்டாவது ஆகாத காரியம் என்று அன்றைக்கு மனசுக்குள் பிரித்து வைத்துக்கொண்டேன்.

நீ சென்னைக்கு வேலைக்குப் போனதிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் இரண்டு காரியம் தவறாமல் செய்வாய். என் கடைக் கணினியில் அந்தக் கட்டற்ற மென்பொருளை ஏற்றுவாய். என் சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்து எதிரே நின்று விழுங்கச் சொல்வாய். உன் பஸ் மாகறல் தாண்டுவதற்குள் நான் இரண்டையும் நிறுத்திவிடுவேன். நான் முயன்று பார்க்கவே இல்லை என்று மட்டும் நினைக்காதே. முயன்றேன். முதலில் என் விரல்களே மறுத்தன. இத்தனை வருஷமாக எந்த விசையை அழுத்தினால் எது நடக்கும் என்பது எனக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். வாயால் சொல்லச் சொன்னால் முழிப்பேன். உன் மென்பொருளில் அதே விசையை அழுத்தினால் வேறு எதுவோ நடந்தது. யார் வீட்டுக் கல்யாண பேனரிலோ மாப்பிள்ளையின் பருவை அழிக்கப் போய் மீசையை அழித்தேன். நல்லவேளை, அவன் அம்மாவுக்கு அது பிடித்துப்போனது.

அடுத்தது எழுத்து. நம் கடையில் இருக்கிற பழைய பைல்களெல்லாம் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்தவை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். உன்னுடையதில் திறந்து ஒரு வரியைத் திருத்தப் போனால் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றது. சாலவாக்கத்து மணியக்காரர் வீட்டுக் கண்ணீர் அஞ்சலி, கோழி கிளறின மாதிரி ஆங்கிலத்தில் வந்து விழுந்தது. செத்தவரின் மகன் பக்கத்தில் நிற்கிறான். "இன்னாண்ணா, அப்பா வெள்ளக்காரனா பூட்டாரா?" என்கிறான். அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு, எதிர்க்கடையில் போய் வேலையைக் கொடுத்துவிட்டான்.

அதையும் தாண்டினால் தில்லி. நம்மிடம் ஆபரேட்டராக இருந்து, இப்போது காஞ்சிபுரத்தில் பிரஸ் நடத்துகிறானே, அவனைத்தான் சொல்கிறேன். உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டே மவுஸ் பிடித்தவன்தான். ஆனால் தொழில் என்று வந்தால் அண்ணன் தம்பி கிடையாது. "லேயரோட, அடுக்கு அடுக்கா, போட்டோஷாப் பைலா அனுப்புண்ணா. வேற எதுவும் என் மிசினு தின்னாது" என்பான். ஒருமுறை அவனுக்குத் தெரியாமல் உன் மென்பொருளில் செய்து படமாக மாற்றி அனுப்பினேன். திரையில் குங்குமச் சிவப்பாக இருந்தது, அச்சு மையின் கணக்குக்கு மாறும்போது செங்கல் நிறத்தில் வந்து நின்றது. மஞ்சள் நீராட்டு விழா பேனர் அது. பெண்ணின் தாய்மாமன் வந்து, "எங்க வூட்டுப் பொண்ணா, சூளைல வெச்ச கல்லாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. அந்த மாமன் மட்டும் இன்னும் என்னைப் பார்த்தால் "சூளை" என்றுதான் கூப்பிடுகிறான்.

இதையெல்லாம்விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. உன் கட்டற்ற மென்பொருள் கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் "விலை இல்லை, விலை இல்லை" என்கிறீர்கள். நான் போட்டோஷாப்புக்கு எப்போது விலை கொடுத்தேன்? யாரோ ஒருவன் சி.டி. தட்டில் போட்டுக் கொடுத்தான், அவனிடமிருந்து இன்னொருவன், அவனிடமிருந்து நான். ஆக என் மேசையில் இருப்பது இரண்டு ஓசி. ஒன்று திருட்டு ஓசி, மற்றது நேர்மையான ஓசி. நேர்மையான ஓசியைத்தான் ஊர் நம்ப மாட்டேன் என்கிறது. "சொம்மா குட்த்தா அதுல இன்னா இருக்கும்?" என்கிறார்கள். திருடினது என்றால் உயர்ந்த சாமானாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் ஏன் திருடப் போகிறான்? இப்படித்தான் நானும் நினைத்தேன். உன் அப்பன் ஊரைவிட உயரமானவன் ஒன்றும் இல்லை.

சரி. இனி உன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை நேரம் நான் வேறு கதை பேசிக்கொண்டிருந்ததே அதற்குப் பயந்துதான்.

நம் பக்கத்தில் நாள் முழுக்க வயலில் நின்ற பெண்களுக்குப் போட்டோ ஏது? செத்த பிறகு மகன் ஓட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வருவான். அதில் இருப்பது ஒரு நகத்தளவு முகம். மாட்டுவதற்கு மார்பளவு படம் வேண்டும், அதுவும் பட்டுப்புடவையில். அதற்காக எல்லாக் கடையிலும் ஒரு தயார் உடம்பு இருக்கும். ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை உடம்பு. பெண்களுக்குப் புடவை உடம்பு. தலையை மட்டும் மேலே வைத்து, கழுத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் போதும். இந்து வீடு என்றால் பொட்டு வைக்க வேண்டும், வேதக்காரர் வீடு என்றால் பொட்டை எடுத்துச் சிலுவை போட வேண்டும். நம் கடைப் புடவை உடம்பு யாருடையது என்று உனக்குத் தெரியும். உன் அம்மா தன் கல்யாணப் புடவையைக் கட்டி, அப்போது ஸ்டுடியோவும் வைத்திருந்த நம் கடையில் உட்கார்ந்து எடுத்த படம் அது. படம் பிடிக்கும்போது வாயைத் திறந்து என்னவோ சொல்லிவிட்டாள். "மூஞ்சி கெட்டுப்போச்சுண்ணா. தோளு நல்லா வந்துகீது" என்றான் தில்லி. தலையை எடுத்துவிட்டு, அரக்குப் புடவையை நீலமாக்கி, உடம்பு பைலாகச் சேர்த்து வைத்தான். அரக்கு என்றால் கைம்பெண்கள் வீட்டில் வேண்டாம் என்பார்கள். நீலம் எல்லா வீட்டுக்கும் ஒத்துப்போகும்.

அன்று முதல் உன் அம்மா ஊர் ஊராகச் சாகத் தொடங்கினாள். மாகறலில், பெருநகரில், சாலவாக்கத்தில், காலனித் தெருவிலும் ஊர்த்தெருவிலும் ஒரே தோள். இடது கழுத்தெலும்பின் மேல் அந்தக் கடுகு மச்சம் உட்பட. உயிரோடு இருந்தவரை முகம் பார்த்துப் பேசாத இரண்டு ஓரகத்திகள் மாகறலில் ஒரே சுவரில், ஒரே நீலப் புடவையில், ஒரே மச்சத்தோடு பக்கத்தில் பக்கத்தில் தொங்குகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் மருமகள் வந்து கேட்டாள்: "எங்க அத்தைக்கு ஏதுண்ணா மச்சம்?" நான் அசராமல், "நீ அத்தைய என்னைக்கும்மா நேரா பாத்த?" என்றேன். அவள் யோசித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள். இதைச் சொல்லி அன்று உன் அம்மாவும் நானும் சிரித்த சிரிப்பு! கடைக்குச் சோறு கொண்டு வரும்போதெல்லாம் தூக்கை மேசையில் வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்துக் கேட்பாளே, நினைவிருக்கிறதா? "இன்னைக்கி நா யாரு?" நான், "மளிகைக்கடை அம்மா" என்பேன். இன்னொரு நாள், "நாத்து நட வருவாங்களே, அந்த எல்லம்மா" என்பேன். "ஐயோ, அவங்களா? மொறையா சாப்பிட்டுக்கூட இருக்க மாட்டாங்க. கொஞ்சம் நல்லா பண்ணுய்யா" என்று சொல்லிவிட்டுத் தூக்கைத் திறப்பாள். அவள் கேட்காமல் விட்ட நாள் இல்லை, நான் ஒரு பெயர் சொல்லாமல் விட்ட நாளும் இல்லை.

போனில் நீ படம் எடுக்க வந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "ஏற்கெனவே ஊர் பூரா தொங்கிக்கினு கீறேன், போதும் போ." அதனால் நம்மிடம் இருப்பதெல்லாம் முந்தானையின் படங்கள். எங்கள் கல்யாண ஆல்பமும் நெகட்டிவும் ஒரு மழையில் ஒட்டிக்கொண்டு கல்லாகிவிட்டன. படம் பிடிக்கிறவன் வீட்டில் படம் இல்லை. அப்படித்தான், அவள் போன அன்று நானும் எல்லா மகன்களையும்போல ஓட்டு அட்டையை எடுத்துக்கொண்டு என் கடைக்கே ஓடினேன். தில்லி காஞ்சிபுரத்திலிருந்து வந்து அவன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். உடம்பு பைலைத் திறந்து அவள் தலையை அவள் தோளில் வைத்தான். பொருந்தவில்லை, கண்ணு. சிறிதாக்கினான், சாய்த்தான், கழுத்தைத் தேய்த்தான். எத்தனையோ பேர் தலை உட்கார்ந்த தோளில் அவள் தலை மட்டும் உட்காரவில்லை. தில்லி மவுஸை விட்டுவிட்டு வெளியே போய் நின்றான். கடைசியில் நான்தான் ஏதோ ஒட்டி அனுப்பினேன்; கூடத்தில் மாட்டியிருப்பதும் அதுதான். மறுநாள் பேருந்து நிலையத்துக் கம்பத்தில் அதைப் பார்த்து நீ கேட்டாய்: "நைனா, இது யாரு?" அவள் கேட்ட கேள்வி, ஒரு சொல் மாறி உன் வாயில் வந்தது. 

அதன் பிறகும் அந்த உடம்பு பைலை நான் விட்டேனா? விடவில்லை. ஊரில் சாவு நிற்கவில்லையே. இன்றைக்கும் வாரத்தில் ஒரு தலையாவது அவள் தோளில் வைக்கிறேன். துக்கம் கேட்கப் போன வீட்டில் நிமிர்ந்தால் அவள் மச்சம் தெரியும். குனிந்துகொண்டே ஆறுதல் சொல்லிவிட்டு வருவேன். பெருநகர் போகும் வழியில் கம்பத்துக்குக் கம்பம் நீலப் புடவை காற்றில் படபடக்கும். வண்டியை ஓட்டிக்கொண்டே, "இன்னைக்கி நா யாரு?" என்று காதில் கேட்கும். நான் பெயர் சொல்வேன். சத்தமாகவே சொல்வேன். பின்னால் வருகிறவன் நான் போன் பேசுவதாக நினைத்துக்கொள்வான்.

போன வாரம் நீ வந்து திட்டிவிட்டுப் போன பிறகு, மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தேன். இரண்டாவது நிபந்தனையையாவது நிறைவேற்றுவோம் என்று உன் மென்பொருளைத் திறந்தேன். கூடத்துப் படத்தையே கொஞ்சம் நன்றாகச் செய்து பார்க்கலாம் என்று அந்த உடம்பு பைலை இழுத்து உள்ளே போட்டேன். ஒரு பெட்டி வந்தது. இந்தப் பைலில் இருக்கும் சிலவற்றை என்னால் படிக்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னது. நான் எந்தக் காலத்தில் அதையெல்லாம் படித்தேன்? சரி என்று அமுக்கினேன்.

உன் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

தலையோடு. அரக்குப் புடவையில். பின்னால் நம் பழைய கடையின் திரைச்சீலை, அதில் தையல் விட்ட இடம். வாய் திறந்திருக்கிறது, பார்வை கொஞ்சம் கீழே, இடது பக்கம். அங்கே படத்தின் ஓரத்தில் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கும் ஒரு சின்னக் கை. வளையல் போட்ட கை. அது நீ. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது, பஸ் ஹாரன் கேட்கிறது, எதிர்க்கடையில் யாரோ ஜெராக்ஸுக்குச் சில்லறை கேட்கிறார்கள்.  பிறகு, பைத்தியக்காரன் மாதிரி, அதே பைலைப் போட்டோஷாப்பிலும் திறந்தேன். அங்கே தலை இல்லை, புடவை நீலம். இங்கே வந்தால் இருக்கிறாள். அங்கே போனால் இல்லை. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலை கொடுக்க வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்.

தில்லிக்குப் போன் செய்தேன். குரல் வரவில்லை, அவன் மாரடைப்பு என்று நினைத்துவிட்டான். விஷயத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான். "அண்ணா, நான் அந்தத் தலைய வெட்டல. சுத்தி கோடு போட்டு மறைச்சேன், அவ்ளோதான். கலரும் மேல ஒரு லேயர் போட்டு மாத்தினதுதான், அடில அரக்கு அப்பிடியே கீது. உன் பொண்ணோட சாப்ட்வேருக்கு அந்த மறைப்பும் தெர்ல, அந்த லேயரும் தெர்ல. அதான் தொறந்து காட்டிச்சி." நான் கேட்டேன், "ஏன்டா, அன்னைக்கே, அவ போன அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" "எனுக்கே மறந்து பூட்ச்சிண்ணா. வெட்டிட்டேன்னுதான் நானும் நெனச்சிக்கினு இருந்தேன்." போனில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தொழில்காரன் இல்லையா, உடனே சமாளித்துக்கொண்டான்: "ஆனா ஒண்ணுண்ணா. வாய் தொறந்துகீது. கல்யாண பேனர்ல நல்லா இருக்காது. போட்டோஷாப்ல ஒரு நிமிசத்துல மூடிடலாம், அனுப்பு."

யோசித்துப் பார். உன் மென்பொருள் ஏன் ஆகாது என்று நானும் தில்லியும் எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோமோ, அதே குறைதான் இது. நாங்கள் செய்து வைத்ததை அது அப்படியே காட்டாது, அதற்குச் சில மறைப்புகள் புரியாது, நிறத்தை மாற்றிவிடும். வாஸ்தவம்தான். நாளைக்கும் மணியக்காரர் வீட்டு வேலை வந்தால் நான் திருட்டுச் சாமானைத்தான் திறப்பேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், மாத்திரை விஷயத்தில் மட்டும்தான் பொய். என் விரல் மாறாது, தில்லியின் மிஷின் மாறாது. ஆனால் நாங்கள் ஒழுங்காகப் பார்த்த எல்லா நாளும் அவள் எங்கள் மூக்குக்கு முன்னால் தலை மறைந்து உட்கார்ந்திருந்தாள். தப்பாகப் பார்த்ததுதான் அவளைப் பார்த்தது. புது வீட்டுக்குப் போகிறாய். மாப்பிள்ளை வீட்டில் உன்னைப் புரியாதவர்கள் நாலு பேர் இருப்பார்கள். அவர்கள்மேல் உடனே கோபப்படாதே. நாங்கள் பழகிப்போய்ப் பார்க்காமல் விட்டதை அவர்களில் ஒருவர் பார்த்தாலும் பார்ப்பார்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் பத்துப் பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு மாகறலும் வரும், பெருநகரும் வரும். மண்டபத்து வாசலில் நிமிர்ந்து பார்க்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் அம்மாவின் தோளை அங்கே பார்ப்பார்கள். அந்த மச்சத்தைப் பார்ப்பார்கள். என்னிடம் வந்து சண்டை போட வேண்டியவர்கள் சாப்பிட்ட பிறகு போடட்டும். சுவரில் நீலப் புடவை மாட்டியிருக்கும் எல்லா வீட்டுக்கும் சொல்கிறேன்: உங்கள் அம்மாவைத் தாங்கிக்கொண்டிருப்பது என் வீட்டுக்காரி. அவளுக்கும் சேர்த்து ஒரு பூ வையுங்கள்.

பேனரை உன் மென்பொருளில்தான் செய்கிறேன். மெதுவாகத்தான் போகிறது, எதை எங்கே அமுக்குவது என்று தடவித் தடவி. அரக்கு, தில்லியின் மிஷினில் செங்கல்லாக வந்தாலும் வரட்டும். சூளைக்காரன் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஓரத்தில் இருக்கிற உன் சின்னக் கையை வெட்ட மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். வாயையும் மூடப் போவதில்லை. தில்லியிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான்.

கல்யாணத்தன்று உள்ளே நுழையும்போது ஒரு நிமிஷம் நின்று நிமிர்ந்து பார். அவள் உன் பக்கம் திரும்பி என்னவோ கேட்கிற மாதிரி இருக்கும். என்ன கேட்கிறாள் என்று உனக்குத் தெரியும். நீயே பதில் சொல்லிவிட்டு உள்ளே போ, கண்ணு. இத்தனை வருஷமாக நான் அவளுக்கு வேறு யார் யாருடைய பெயரையோதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் நைனா